சூதுக்கடனும் சீதனமும்

கணவன் சூதாடிப் பட்ட கடனை அவன் வீட்டார் சுமக்க வேண்டுமா என்ற வினா, இந்தியச் சட்ட மரபில் மணமுறிவுச் சட்டங்களைவிட மிகப் பழமையானது. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்று விதித்த தரும நூல்களே, மது, காமம், சூது ஆகியவற்றால் வந்த கடனை அக்கடமையிலிருந்து விலக்கின. இவ்வகைக் கடனுக்கு ‘அவ்யவகாரிகம்’, அதாவது முறையான நடவடிக்கையில் சேராதது, என்ற பெயர் பிற்கால நீதிமன்றங்களில் நிலைத்தது. தரும நூலாசிரியர்களில் சூதை நாட்டிலிருந்தே அகற்றச் சொன்ன மனுவும், அரசனுக்குப் பங்கு செலுத்தும் ஆட்டக்களத்தை ஏற்றுக்கொண்ட யாக்ஞவல்கியரும் இவ்விலக்கில் ஒன்றுபடுவதைப் பார்க்கும்போது, அவர்கள் எடைபோட்டது ஆட்டத்தின் குற்றத்தை மட்டுமன்று, அக்கடனால் குடும்பம் பெற்ற பயன் யாது என்பதையுமே எனக் கருத இடமுண்டு.

மனைவியின் நிலை வேறு வகையில் காக்கப்பட்டது. தான் ஒப்புக்கொண்டதோ, கணவனுடன் சேர்ந்து வாங்கியதோ, தானே வாங்கியதோ தவிர வேறு கடனுக்கு அவள் பொறுப்பாகமாட்டாள் என்கிறது யாக்ஞவல்கிய ஸ்மிருதி. சீதனமாகிய ஸ்திரீதனத்தை, அதாவது பெற்றோரும் உற்றாரும் அவளுக்கென்றே கொடுத்த நகையையும் பொருளையும், பஞ்சம், அறச்செயல், நோய், சிறைப்பட்ட நிலை ஆகிய நான்கு நெருக்கடிகளில் எடுத்தாண்ட கணவன் மட்டுமே திருப்பித்தர வேண்டியதில்லை என்றும் அந்நூல் வரையறுக்கிறது. சூது இந்நான்கில் இல்லை.

ஆங்கில ஆட்சியில் வந்த 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்றும், பந்தயத்தில் வென்ற பணத்துக்காக வழக்குத் தொடுக்க முடியாது என்றும் விதித்தது. இப்பாதுகாப்பு தோன்றும் அளவுக்கு உறுதியானதன்று. பந்தயம் செல்லாததே ஒழியச் சட்டவிரோதமானதன்று என்றும், ஆகவே அதைச் சார்ந்து எழும் துணை ஒப்பந்தம் செல்லும் என்றும் உச்ச நீதிமன்றம் 1959இல் தீர்ப்பளித்தது. அதனால் எதிராளிக்குத் தோற்ற பணம் வழக்குக்கு வராமல் போனாலும், ஆடுவதற்காக மூன்றாமவரிடம் வாங்கிய கைமாற்று பெரும்பாலும் வசூலுக்குரிய கடனாகவே நிற்கிறது.

மணமுறிவைப் பொறுத்தவரை, தமிழகத்துச் சமூகங்கள் பலவற்றில், தாலியைத் தீர்த்துவிட்டு மறுமணம் செய்துகொள்ளும் ‘அறுத்துக் கட்டுதல்’ வழக்கம் நெடுங்காலம் இருந்துவந்தது. சென்னை மாகாணம் 1949இலும், நாடாளுமன்றம் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தாலும் மணமுறிவைப் பொதுச் சட்டமாக்கியபோது, கணவன் மனைவியரின் சம்பாத்தியத்தைப் பொதுவுடைமையாகக் கொண்டு பங்கிடும் முறை ஏற்கப்படவில்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. போர்த்துக்கீசியக் குடியியல் சட்டத்தின் வழியே சொத்துப் பொதுமையைப் பெற்ற கோவா இதற்கு விலக்கு.

கணவன் சொத்தும் மனைவி சொத்தும் தனித்தனியே நிற்கும் இத்தனியுடைமைக்கு இரு முகங்கள் உண்டு. மனைவி கையெழுத்திடாத சூதுக்கடன் மணமுறிவில் அவள் தலையில் விழாது. ஆயினும் அவள் பல்லாண்டு சமைத்தும் சேமித்தும் காத்த குடும்பத்தின் பணம் கணவன் பெயரில் இருந்து சூதில் அழிந்தால், அதில் தன் பங்கைக் கேட்க அவளுக்குத் தெளிவான சட்ட வழியில்லை. அவள் கையில் கொடுத்த பொருளைக் காத்த மரபு, அவள் கை உழைத்த உழைப்பைச் சொத்தாக எண்ணவேயில்லை; இது பெருங்குறை. மகனின் புனிதக் கடமையை 2005ஆம் ஆண்டு வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் புதிய கடன்களுக்கு முற்றாக நீக்கிவிட்ட பின்னரும் இக்குறை சட்டமியற்றித் திருத்தப்படவில்லை.

ஸ்திரீதனத்தைப் பொறுத்தமட்டில் நிலை தெளிவானது. அது மனைவியின் முழு உடைமை என்றும், அதை நம்பி ஒப்படைக்கப்பட்ட கணவன் நேர்மையின்றிக் கையாண்டால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்றும் உச்ச நீதிமன்றம் 1985இல் கூறியது. நெருக்கடியில் பயன்படுத்தினாலும் திருப்பித்தரும் தார்மீகக் கடமை கணவனுக்கு உண்டு என்று 2024இல் மீண்டும் உரைத்தது. எனவே சூதுக்காக அடகுக்கடைக்குப் போன நகையின் மதிப்பை மனைவி மீட்கக் கோரலாம். ஆனால் அந்நகை தன்னுடையது என்பதையும் அது கணவன் கைக்குப் போனதையும் காட்டும் சுமை அவளிடமே இருப்பதால், நகைக்கடை ரசீதும் திருமணப் புகைப்படமும் கணவன் பெயரிலான அடகுச்சீட்டும் அவ்வழக்கின் போக்கைத் தீர்மானிக்கின்றன.