செம்மலையில் எஞ்சிய தோரியம்

ஆயர் தாவார் என்னும் மலாய்ப் பெயருக்கு நன்னீர் என்பது பொருள். அப்பெயர் தாங்கிய ஊர் பேராக் மாநிலத்தில் உள்ளது. அம்மாநிலத்திலேயே, ஈப்போவை அடுத்து, செம்மலை எனப் பொருள்படும் புக்கிட் மேரா என்னும் புதுக்கிராமமும் உள்ளது. நன்னீரும் நன்னிலமும் எளிதில் மீளப் பெற இயலாதவை என்பதை நாட்டுக்கு உணர்த்தியது இவ்வூரின் வரலாறு.

கிந்தாப் பள்ளத்தாக்கின் செல்வம் ஈயம். ஈயத்தை அலசி எடுத்தபின் எஞ்சும் மணலில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. அதிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரித்தெடுக்க, ஜப்பானிய மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனத்தின் பங்குடன் 1979-இல் ஏசியன் ரேர் எர்த் நிறுவனம் அமைந்தது. 1982-இல் ஆலை இயங்கத் தொடங்கியது. அருமண்ணைப் பிரித்தபின் தோரியம் கழிவாக எஞ்சியது. கதிர்வீச்சை உமிழும் அத்தனிமத்தின் அளவு பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் செல்லும்.

கழிவைப் பாப்பான் என்னுமிடத்தில் புதைக்க முயன்றபோது, 1984-இல் அவ்வூர் மக்கள் திரண்டெழுந்தனர். 1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் எண்மர், ஊரார் சார்பில் ஈப்போ உயர்நீதிமன்றத்தை நாடினர். அவ்வாண்டு அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. எனினும், 1987-இல் ஆலை மீண்டும் இயங்கியது. 1992 ஜூலை 11-இல் நீதிபதி பே சுவீ சின் மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994 ஜனவரியில், ஆலையை மூடுவதாக நிறுவனமே அறிவித்தது. வழக்கில் தோற்றவர்கள் கேட்டது கிடைத்தது. கழிவோ அங்கேயே கிடந்தது.

கழிவை வேதியியலால் அழித்துவிட இயலாதா என மாணவர் வினவலாம். நீரில் கரைந்த உலோக அயனிகளைப் பிரிக்கும் வழிகளுள் பரப்புக் கவர்ச்சி ஒன்று. நுண்துளைகள் நிறைந்த கரி மின்வாய்களுக்கு மின்னூட்டம் தந்தால், எதிர்மின்னூட்டமுடைய அயனிகள் அவற்றின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும், நீர் தெளியும். மின்னோட்டத்தை மாற்றினால் அவை மீண்டும் வெளிப்படும். கரைந்து பரவியதை ஓரிடத்தில் திரட்டலாமே அன்றித் தோரியத்தின் கதிர்வீச்சைத் தணிக்க இம்முறையால் ஆகாது. திரட்டியதைப் பாதுகாத்தே தீரவேண்டும்.

புக்கிட் மேராவிலும் அவ்வாறே நேர்ந்தது. ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவில் துப்புரவுப் பணி நடந்தது. மாசுற்ற மண் அகற்றப்பட்டது. 80,000-க்கும் மேற்பட்ட எஃகுப் பீப்பாய்களில் இருந்த கழிவைச் சிமெந்துடன் கலந்து, கிளேடாங் மலைப்பகுதியில் அமைத்த காப்பிடத்தில் வைப்பதே திட்டம். ஓராலை உற்பத்தி செய்த காலம் சில ஆண்டுகளே. அதன் கழிவுக்குக் காவல் நிற்கவேண்டிய காலத்திற்கோ எல்லை இல்லை.

காப்பிடத்தின் சுவர் எத்துணை உறுதியாயினும், அதனுள் இருப்பது யாதென அறிந்தோர் இல்லையெனில் நாளை ஒருவன் அறியாது அதனைத் தோண்டக்கூடும். ஆகவே கிளேடாங் மலையின் கதையைத் தலைமுறைதோறும் எடுத்துரைப்பதும் காவலேயாகும். அக்காவலில் வகுப்பறைக்கும் பங்குண்டு.