டீபக்கர் தோண்டும் புதையல்

போத்தனூரில் 1881இல் பிறந்தவர் எதல் சாரா ஸ்டோனி. அவர் மகன் ஆலன் டூரிங் 1946இல் சமர்ப்பித்த கணினித் திட்டத்தில் ஒரு வழி இருந்தது: துணைநிரலுக்குப் போகுமுன் திரும்பும் முகவரியைப் புதைத்து வை, முடிந்ததும் தோண்டியெடு. இன்றைய ஸ்டாக்கின் ஆரம்பங்களில் இதுவும் ஒன்று.

ஏன் புதைக்கவேண்டும்? 2018இல் லினக்ஸை இயக்கிய, சென்னை ஐஐடியின் சக்தி பிராசசரையே பார்க்கலாம். அதில் திரும்பும் முகவரிக்கு ஒரே ரிஜிஸ்டர். அடுத்த அழைப்பு வந்தால் பழையது அழியும். அதனால் ஸ்டாக்கில் சேமித்தே ஆகவேண்டும்.

1986இல் ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி டீபக்கர் படிப்பது இதைத்தான். நிரல் நின்றதும் ரிஜிஸ்டர்களைப் பார்த்து, ஃபிரேம் ஃபிரேமாகப் பின்னோக்கிப் போய், எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று சொல்கிறது.

ஆனால் 1988இல் மோரிஸ் புழு மாற்றி எழுதியதும் அந்த முகவரியைத்தான். அது கெட்டால் நிரல் வழிதவறும். டீபக்கர் சொல்லும் வரலாறும் பொய்யாகும்.