ஐந்து வாக்கியக் கடிதமும் அதன் பின்விளைவும்: அமெரிக்காவில் அபினிவகை வலிநீக்கி மருந்துகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

1980ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றில் வெளிவந்த சிறு கடிதம், மூலம் படிக்கப்படாமலே மேற்கோளாகக் கையாளப்பட்டு, அமெரிக்காவில் அபினிவகை வலிநீக்கிகளின் பெருக்கத்திற்குச் சான்றாக்கப்பட்டது. அம்மேற்கோளின் வரலாற்றையும் தொடர்ந்து நேர்ந்த உயிரிழப்புகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அபினி, ஆக்சிகான்டின், போதை அடிமைநிலை, மிகையளவு இறப்பு, மேற்கோள் நெறி

முன்னுரை

வலியைத் தணிக்கும் ஆற்றலும் அடிமைப்படுத்தும் ஆற்றலும் அபினியில் ஒருங்கே உள்ளன. இரண்டாவதை நீக்கி முதலாவதை மட்டும் பெற்றுவிட்டதான நம்பிக்கை மருத்துவ வரலாற்றில் பலமுறை எழுந்துள்ளது. 1898இல் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் தீமையை உணர்ந்த அமெரிக்கா, 1914இல் ஹாரிசன் சட்டத்தால் அபினிவகைப் பொருள்களைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் மருத்துவர்கள் இவ்வகை மருந்துகளைத் தயக்கத்துடனேயே எழுதிக்கொடுத்தனர். புற்றுநோயாளிகள்கூடப் போதிய வலிநிவாரணமின்றித் துன்புற்றனர் என்பதும் உண்மை. அத்தயக்கம் எவ்வாறு நீங்கியது என்பதே இங்கு வினா.

கடிதமும் அதன் வரம்பும்

1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் ஆகியோர் எழுதிய கடிதம் வெளிவந்தது. அதில் இருந்தவை ஐந்தே வாக்கியங்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களுள் அபினிவகை மருந்து ஒருமுறையேனும் பெற்றோர் 11,882 பேர். அவர்களில் முன்னர் அடிமைநிலை இல்லாதிருந்து, தக்க சான்றுடன் அடிமையானதாக அறியப்பட்டோர் நால்வர் மட்டுமே என்பது அதன் சாரம்.

இத்தரவு பிழையானதன்று; அதன் எல்லைதான் குறுகியது. மருத்துவமனைக் கண்காணிப்பில் இருந்தவர்களைப் பற்றியே அது பேசியது. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை உட்கொள்ளும் நாட்பட்ட வலியாளர்களைப் பற்றி அது எதுவும் கூறவில்லை.

மேற்கோள் சான்றாதல்

பர்டூ நிறுவனம் 1996இல் ஆக்சிகான்டின் மாத்திரையைச் சந்தைப்படுத்தியது. அடிமையாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என அதன் விற்பனையாளர்கள் மருத்துவர்களிடம் எடுத்துரைத்தனர். 1996இல் ஏறத்தாழ 4.8 கோடி டாலராக இருந்த விற்பனை, 2000இல் 110 கோடி டாலரை நெருங்கியது. அப்பலாச்சிய மலைப்பகுதியின் சுரங்க ஊர்களில், உடலுழைப்பால் காயமுற்ற தொழிலாளரிடையே இம்மருந்து விரைந்து பரவியது.

2017இல் கனடா ஆய்வாளர்கள் இக்கடிதம் 608 முறை மேற்கோளாக ஆளப்பட்டிருப்பதைக் கண்டறிந்தனர். அவற்றுள் 72.2 விழுக்காடு, அடிமைநிலை அரிது என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டின. 80.8 விழுக்காடு, நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைக் குறிப்பிடவே இல்லை. மூலத்தைப் படிக்காமல் முன்னவர் எழுதியதை வழிமொழியும் வழக்கம் இதற்கு ஒரு காரணமாகலாம்.

உயிரிழப்புகள்

அபினிவகை மருந்து அளவு மீறும்போது மூளையின் மூச்சு மையம் தளர்கிறது. உறங்குவதுபோல் கிடந்தவர் மூச்சு நின்று இறக்கிறார். அமெரிக்காவில் எல்லாவகைப் போதைப்பொருள்களாலும் நேர்ந்த மிகையளவு இறப்புகள் 1999இல் 16,849, 2017இல் 70,237, 2022இல் 1,07,941. 2017இல் இறந்தோருள் 47,600 பேரின் இறப்பில் அபினிவகைப் பொருள்கள் இடம்பெற்றிருந்தன.

இவ்வுயர்வு ஒரே மருந்தால் விளைந்ததன்று. 2010இல் ஆக்சிகான்டின் எளிதில் பொடியாக்க இயலாதவாறு மாற்றியமைக்கப்பட்டது. ஏற்கெனவே அடிமையானோர் பலர் ஹெராயினை நாடினர். 2013 முதல் அதனினும் பன்மடங்கு வீரியமிக்க ஃபென்டானில் கள்ளச்சந்தையில் பரவியது. அடிமையானோருக்குச் சிகிச்சை அளிக்காது மருந்தை மட்டும் கட்டுப்படுத்தியமை, அவர்களை மேலும் கொடிய பொருளிடம் தள்ளியது.

எண்ணிக்கைக்குள் அடங்காத இழப்புகளும் உள. தாயின் கருவிலேயே மருந்துக்குப் பழகிய குழந்தைகள், பிறந்தவுடன் நடுக்கத்தாலும் ஓயாத அழுகையாலும் துன்புற்றன. பெற்றோரை இழந்த சிறார் பலரை முதிய தாத்தா பாட்டியரே வளர்க்க நேர்ந்தது. அமெரிக்கரின் சராசரி ஆயுள் 2014இல் 78.9 ஆண்டுகளாக இருந்து 2017இல் 78.6 ஆகக் குறைந்ததில் இவ்விறப்புகளுக்கும் பங்குண்டு.

முடிவுரை

பர்டூவைச் சார்ந்த நிறுவனம் 2007இலும், பர்டூ 2020இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டன. அக்கடிதத்தை வெளியிட்ட இதழ், அது ஆராயப்படாமல் பெரிதும் மேற்கோள் காட்டப்பட்டுள்ளதென்ற எச்சரிக்கையை 2017இல் அதனுடன் இணைத்தது. வணிக வேட்கையே இப்பேரழிவின் முதன்மைக் காரணமெனினும், அவ்வேட்கைக்கு அறிவுலகின் ஒப்புதல் போன்ற தோற்றத்தை அளித்தவை சரிபார்க்கப்படாத மேற்கோள்கள். ஒரு கூற்று எத்தனை முறை சொல்லப்பட்டது என்பது அதன் உண்மைக்கு அளவுகோலாகாது. மூலத்தைத் தேடிப் படித்து, அதன் எல்லையையும் உடன் கூறுதல் ஆய்வாளரின் கடமை. அக்கடமை தவறும்போது உயிர்களும் இழக்கப்படலாம் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.