வானம் யாருடைய காணி?

காணி வழக்கு என்றவுடன் வேலியும் எல்லைக் கல்லுமே நம் நினைவுக்கு வரும். கல் நாட்ட இயலாத வானத்தைப் பற்றியும் வழக்கு எழக்கூடும் என்பதை உலகுக்குக் காட்டியது ஆகாய விமானமே.

நிலத்தை உடையவனுக்கே அதன் மேலுள்ள வானமும் உரியது என்பது இலத்தீன் மொழியில் வழங்கிய பழைய சட்ட விதி. பறவையன்றி வேறெதுவும் பறவாத காலத்தில் அதனால் எவருக்கும் இடரில்லை. விமானம் வந்தபின் அவ்விதியை அப்படியே கைக்கொண்டால், ஒரு பயணத்துக்கே எண்ணற்ற காணிக்காரரின் அனுமதியைப் பெறவேண்டும். ஆகவே ஐக்கிய அமெரிக்காவில் 1926 ஆம் ஆண்டுச் சட்டம், குறித்த உயரத்துக்கு மேற்பட்ட வானத்தைப் பொதுவழியாக்கிற்று. அவ்வுயரத்துக்குக் கீழுள்ள வானம் யாருக்குரியது?

இவ்வினாவை எழுப்பியவர்கள் வட கரோலைனாவிலே, கிரீன்ஸ்பரோ நகருக்கு அண்மையில் கோழி வளர்த்து வாழ்ந்த கோஸ்பி தம்பதியர். அவர்களது காணி மூன்று ஏக்கரிலும் குறைந்தது. 1942 இல் அருகிலிருந்த விமான நிலையத்தைப் படையினர் பயன்படுத்தத் தொடங்கினர். இறங்கும் விமானங்களின் பாதை வீட்டுக்கு மேலே வெறும் 67 அடி உயரத்திற் சென்றது. இரவில் உறக்கம் ஒழிந்தது. மிரண்ட கோழிகள் சுவரில் மோதி மடிந்தன. ஏறத்தாழ 150 கோழிகளை இழந்தபின் அவர்கள் தொழிலையே கைவிட்டனர். நஷ்டஈடு கோரி அரசின் மீது வழக்குத் தொடர்ந்தனர். விமானங்கள் பொதுவழியிலேயே சென்றன, நிலம் எதனையும் கைப்பற்றவில்லை என்று அரசு வாதித்தது.

1946 மே 27 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனை எழுதியவர் நீதியரசர் வில்லியம் டக்ளஸ். வானம் பொதுவழியே, பழைய விதிக்கு இக்காலத்தில் இடமில்லை என்றார். ஆயினும், தன் நிலத்தை நுகர்தற்கு வேண்டிய அளவு வெளி நிலமுடையவனுக்கே உரியது. அதனுட் புகுந்து அடிக்கடி தாழப் பறந்து காணியைப் பயன்றதாக்குதல், அக்காணியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். எடுத்ததற்கு ஈடு கொடுத்தல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. இரு நீதியரசர் இதற்கு மாறுபட்டனர். ஈட்டின் அளவை நிருணயிக்க வழக்கு மீண்டும் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது.

1962 இல் பிட்ஸ்பர்க் விமான நிலையம் பற்றிய வழக்கிலும் இந்நெறியே நின்றது. நிலையத்தை அமைத்து நடத்திய உள்ளூர் ஆட்சியே ஈடு கொடுக்க வேண்டுமென அந்நீதிமன்றம் கூறிற்று.

பறப்போருக்கு வழி வேண்டும். கீழே வாழ்வோருக்கு உறக்கம் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்துப் பார்த்தது அத்தீர்ப்பு. பெரும்போரில் வென்ற அரசும், தன்னால் வாழ்விழந்த கோழி வளர்ப்போருக்குக் கணக்குத் தீர்த்தேயாக வேண்டும் என்பதே அதன் பொருள்.