அலுமினியம்-26: விண்மீன் வினைகளின் அளவீடு

அலுமினியம்-26 விண்மீன்களில் உருவாகும் கதிரியக்க அணு. இதன் அரை ஆயுள் ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகள். பால்வெளியின் வயதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆகவே, இது சிதையும்போது வெளிவரும் 1.809 மெகா எலெக்ட்ரான் வோல்ட் காமா கதிர், தனிமங்கள் இன்றும் உருவாகிவருவதற்கு நேரடிச் சான்று. அமெரிக்காவின் ஹியோ-3 செயற்கைக்கோள் இக்கதிரை முதலில் கண்டறிந்தது.

மெக்னீசியம்-25 ஒரு புரோட்டானை ஏற்கும்போது இவ்வணு பிறக்கிறது. விண்மீனின் வெப்பநிலையில் புரோட்டானின் ஆற்றல் மிகக் குறைவு. மின்விலக்கத்தைத் தாண்டி அணுக்கருவை அடைவது அரிதிலும் அரிது. ஆய்வகத்தில் அந்த நிலையை உருவாக்கினால் கிடைக்கும் வினைகள் சொற்பமே. அவற்றையும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சல் மூழ்கடித்துவிடும்.

இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் இயங்கும் லூனா ஆய்வகம் இதற்கு விடை கண்டது. தலைக்கு மேலுள்ள சுமார் 1400 மீட்டர் பாறை, காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைக்கிறது. அங்கு 400 கிலோவோல்ட் முடுக்கியைக் கொண்டு, இவ்வினையின் 92 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஒத்ததிர்வு (வினைக்கான வாய்ப்பு திடீரென உயரும் ஆற்றல்நிலை) நேரடியாக அளக்கப்பட்டது. பொறுமையின் உச்சம் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

பிறப்பை அளந்தால் மட்டும் போதாது. அலுமினியம்-26 இன்னொரு புரோட்டானை ஏற்றுச் சிலிக்கன்-27 ஆக மாறி அழியவும் செய்கிறது. கதிரியக்க அணுவை இலக்காக வைப்பது கடினம் என்பதால், கனடாவின் டிரையம்ஃப் ஆய்வகம் முறையைத் திருப்பிப் போட்டது: அலுமினியம்-26 கற்றையையே ஹைட்ரஜன் வாயுவின் மீது செலுத்தி, விளைபொருளை டிராகன் என்னும் கருவியால் பிரித்தெடுத்தது. நியூட்ரான்களால் நேரும் அழிவை செர்ன் ஆய்வகத்தின் என்டாஃப் வசதி அளந்துள்ளது.