மொரப்பூர் சின்ன ரயிலும் ஓசூர் மெட்ரோவும்

2025 ஆகஸ்டுல பெங்களூரு மெட்ரோ பொம்மசந்திரா வரைக்கும் வந்துச்சு. அன்னையிலிருந்து எங்க பக்கம் டீக்கடையில ஒரே கேள்விதான்: "ஓசூருக்கு எப்போ?" அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நூறு வருஷத்துக்கு முந்தின சின்ன ரயில் ஒண்ணு ஞாபகத்துக்கு வரும்.

1876-ல் ஆரம்பித்த தாது வருஷப் பஞ்சம் அன்றைய சேலம் ஜில்லாவைக் கடுமையாக உலுக்கியது. வேற ஊர்ல தானியம் இருந்தாலும், பசிச்சவன்கிட்ட கொண்டுபோய்ச் சேர்க்க வண்டிமாடு மட்டும் போதலை. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான், பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோகவென்றே ரயில் பாதைகள் போட்டார்கள். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதை 1905-ல் வந்தது. மொரப்பூர்–தர்மபுரி பாதை 1906-ல் வந்து, 1913-ல் ஓசூர் வரை நீண்டது.

தண்டவாள அகலம் வெறும் இரண்டரை அடி. மொரப்பூர்ல மெயின் லைன் அகலப்பாதை. அதனால மூட்டையை இறக்கி, வேற ரயில்ல மறுபடி ஏத்தணும். பின்னால் பஸ்ஸும் லாரியும் வந்தன; வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்கின. கிருஷ்ணகிரி பாதை 1936-லும், ஓசூர் பாதை 1941-லும் மூடப்பட்டன. பஞ்சத்துக்குக் காவலாகப் போட்ட ரயில், லாரியோடு போட்டி போட்டுத் தோத்துப்போச்சு.

சுதந்திரத்துக்கப்புறம் ஓசூருக்கு ரயில் திரும்பி வந்தது. கிருஷ்ணகிரிக்கு வரவேயில்லை. 2004-ல் மாவட்டத் தலைநகரம் ஆகியும், இன்னிக்கும் அந்த ஊர்ல ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. எடுத்துட்ட பாதையைத் திரும்பப் போடறது எவ்வளவு கஷ்டம்னு இதுல தெரியும்.

ரயில் இருந்த ஓசூரும் வளர்ந்தது என்னவோ ரோட்டை நம்பித்தான். எழுபதுகளில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. பெரிய கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்குத் தாங்களே பஸ் விட்டன. ராகி விளைஞ்ச நிலமெல்லாம் லேஅவுட் ஆச்சு. 1992-ல் நகராட்சி, 2019-ல் மாநகராட்சி. முதல்ல ஆலை, அப்புறம் வீடு, கடைசியில திட்டம்.

பழைய ஓசூருக்கு நடு எதுன்னு கேட்டா சின்னப் பிள்ளையும் சொல்லும்: சந்திரசூடேஸ்வரர் மலை, அதன் கீழே பேட்டை, ஏரி. நடந்தே சுத்தலாம். இப்போ நடுன்னா பஸ் ஸ்டாண்டும் ஹைவேயும்தான். ரயில்வே ஸ்டேஷன் ஒரு பக்கம், உழவர் சந்தை ஒரு பக்கம். ஒண்ணிலிருந்து இன்னொண்ணுக்குப் போக ஆட்டோ பிடிக்கணும்.

இப்போ மெட்ரோ கதைக்கு வர்றேன். பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்குச் சுமார் 23 கிலோமீட்டர். சென்னை மெட்ரோ நிறுவனம் ஆய்வு செய்தது. அதில் எழுந்த சிக்கல்களில் ஒன்று, கரண்டு. சென்னை மெட்ரோ ஓடுவது 25,000 வோல்ட் மேல்கம்பியில். பெங்களூரு மெட்ரோ ஓடுவது தண்டவாளம் பக்கத்திலேயே போகும் 750 வோல்ட்டில். ரெண்டும் சேரலைன்னா எல்லையில இறங்கி ஏறணும். மொரப்பூர் மூட்டைக் கதைதான், இந்தத் தடவை மூட்டைக்குப் பதிலா மனுஷன்.

மெட்ரோ வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா ஸ்டேஷன் எங்கே வரப்போகுதுங்கறதை நிலம் வாங்கறவங்க முடிவு பண்ணிடக் கூடாது. ஹைவே ஓரமா ஒரு ஸ்டேஷனும் கார் நிறுத்தற இடமும் மட்டும் வந்தா, சுத்தியிருக்கிற ரோஜாத் தோட்டமும் தக்காளிக் காடும் பிளாட் ஆகிறதோட கதை முடிஞ்சுடும். ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, சந்தை மூணையும் நடந்து போற தூரத்துல இணைச்சு, கெலமங்கலத்துக்கும் தளிக்கும் பேரிகைக்கும் அங்கிருந்தே பஸ் விட்டா, ஓசூருக்கு மறுபடி ஒரு நடு கிடைக்கும்.

லேஅவுட் கல் நட்டதுக்கப்புறம் அதுக்கு இடம் தேடிப் பிரயோஜனமில்லை. இப்பவே ஒதுக்கி வைக்கணும்.