மணலும் உள்ளங்காலும்

ஆலங்குடாவில் வீதியை விட்டுக் கடலை நோக்கி இறங்கினால், காலுக்குக் கீழே மணல்தான். கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். மணலில் அடி வைக்கும்போது குதி புதையும், விரல்கள் விரிந்து பிடி தேடும், கணுக்கால் இப்படியும் அப்படியும் அசைந்து உடம்பை நிமிர்த்தும். நல்ல கால் உள்ளவர் இதை உணர்வதே இல்லை. இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பியவருக்கும், பார்க்கின்சன் நோயில் நடை இறுகியவருக்கும், சிறுமூளை பழுதுபட்டுத் தள்ளாடுபவருக்கும் அது ஒவ்வோர் அடியிலும் ஒரு போராட்டம்.

இவர்கள் விழாமல் நிற்கவும் நடக்கவும் அணியும் கருவிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அணிகிறவர் எந்த நிலத்தில் நடக்கிறார் என்று செய்கிறவர் குனிந்து பார்த்தாரா, இல்லையா? அந்த வரலாற்றில் நம் பக்கத்துப் பகுதியை இந்த ஒரு கேள்வியை வைத்தே படித்துவிடலாம்.

தொடக்கம் லிவர்பூலில். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் பரம்பரையில் 1834இல் பிறந்த ஹியூ ஓவன் தோமஸ், காலின் இருபுறமும் இரும்புக் கம்பி ஓடும் கட்டுகளை வடிவமைத்தார். அந்த வழியில் வந்ததே கலிப்பர்: இரண்டு உருக்குச் சட்டங்கள், தொடையிலும் கெண்டையிலும் தோல் பட்டிகள், அடியில் சட்டங்களைச் செருகிய கனத்த சப்பாத்து. தசை செத்த காலில் முழங்கால் மடிந்து விழாமல் அது பூட்டிப் பிடித்தது.

இலங்கையில் 1962இல் இளம்பிள்ளை வாதம் பெருமளவில் பரவியது. வாய்வழிச் சொட்டு மருந்து வந்ததும் அந்த ஆண்டில்தான். நாட்டின் கடைசி நோயாளி 1993இல் பதிவானார். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் நோய் தொட்டுவிட்டுப் போன பிள்ளைகள் கலிப்பரோடு வளர்ந்தார்கள். ஆனால் அந்தக் கருவி சீமைத் தெருவுக்காகப் பிறந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் ஊரில், பள்ளிவாசலிலும் கோயிலிலும் வெறுங்காலோடு நுழையும் ஊரில், தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடும் ஊரில், சப்பாத்தோடு பூட்டிய இரும்பை என்ன செய்வது? சப்பாத்தைக் கழற்றினால் கலிப்பரும் போயிற்று; நிற்கவும் முடியாது. மணலிலோ அந்தச் சப்பாத்து புதைந்து, இரும்பின் பாரம் முழுவதும் இடுப்பில் இழுத்தது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். மன்னார்க் கரையிலிருந்து பலர் படகில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினர். ஆலங்குடாவிலும் அகதி முகாம்கள் எழுந்தன. 1962இல் கைக்குழந்தையாக இருந்தவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கலிப்பர் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. பட்டி அறும், ஆணி கழலும், அடித்தோல் தேயும். பழக்கமான ஆஸ்பத்திரியும், தோல் தைத்துக் கொடுக்கும் கையும் எட்டாத தொலைவுக்குப் போய்விட்டால், அணிந்திருப்பவர் அணிந்தபடியே முடங்கிப்போவார்.

நிலத்தைக் குனிந்து பார்த்த முதல் பெரும் திருப்பம் இந்தியாவில், ஜெய்ப்பூரில் நிகழ்ந்தது. அங்கே எலும்பியல் மருத்துவர் பி.கே. சேத்தி காலிழந்தவர்களுக்கு வெளிநாட்டு மாதிரிச் செயற்கைக் கால்களைப் பொருத்தி அனுப்பினார். அணிந்தவர்களோ அவற்றை மூலையில் போட்டுவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள். சப்பாத்துக்குள் மறைக்க வேண்டிய அந்தப் பாதத்தோடு வயலில் இறங்க முடியவில்லை, குந்தியிருக்க முடியவில்லை. அதிகம் பள்ளிக்கூடம் போகாத கைவினைஞர் ராம் சந்திர சர்மா, டயருக்கு இறப்பர் ஒட்டிச் சூடேற்றும் தொழிலைக் கண்டு, இறப்பரிலும் மரத்திலும் வெறும் பாதமாகவே தோன்றும் ஒரு பாதத்தை வார்த்தார். 1960களின் இறுதியில் பிறந்த அந்த ஜெய்ப்பூர் பாதம் எத்திசையிலும் வளையும், சேற்றில் நனையும், சப்பாத்தைக் கேட்காது. மேடுபள்ளத்தில் உடம்பு சாயும்போது பாதமும் சேர்ந்து சாய்வதுதான் சமநிலை காக்கும் நுட்பம். 1985இல் அது கொழும்புக்கு வந்தது. 1987இல் யாழ்ப்பாணத்தில் ஒரு ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கியது. போரிலும் கண்ணிவெடியிலும் காலிழந்தவர்களுக்கு அந்தப் பட்டறைகள் உள்ளூர்க் கைகளாலேயே கால் செய்து கொடுத்தன.

கலிப்பருக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் கற்பிட்டிக்கு வடக்கே, கடலுக்கு அப்பால், இராமேசுவரத்து மணலில் வளர்ந்தவர். ஹைதராபாத்தில் ஏவுகணை ஆய்வில் இருந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் கூடத்துக்கு, நிசாம் மருத்துவக் கழகத்தின் எலும்பியல் மருத்துவர் ஒருவர் வந்தார். 1989இல் முதன்முதலாகப் பறந்த அக்னி ஏவுகணைக்காக உருவான கூட்டுப்பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தவர், அதன் இலேசைக் கண்டு வியந்து, கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே சிறுவர் சிறுமியர் மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்பை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். மூன்றே வாரத்தில் 300 கிராம் எடையில் மாற்றுக் கலிப்பர் தயாரானது. பிள்ளைகள் அதை அணிந்து ஓடித் திரிந்ததையும் பெற்றோர் கண் கலங்கியதையும் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

எடை மட்டும் குறையவில்லை. வேலை செய்யும் விதமும் மாறியது. இந்த வகைக் கருவியில் முழங்காலைப் பூட்டும் இரும்பு இல்லை. பாதமும் கணுக்காலும் அசையாதபடி ஒரே வார்ப்பு, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஓர் ஓடு. பாதம் தரையை அழுத்தும்போது தரை திருப்பித் தரும் விசை அந்த ஓட்டின் வழியாக கணைக்காலைப் பின்னே தள்ளுகிறது. முழங்கால் நிமிர்ந்து நிற்கிறது. நிலமே கருவியின் ஒரு பாகம் ஆகிவிட்டது.

பார்க்கின்சன், சிறுமூளை நோய்களின் கதை வேறு. அங்கே தசையில் வலு இருக்கும், மூளையின் கட்டளை குழம்பியிருக்கும். நிமிர்ந்து நிற்க மூளைக்கு மூன்று செய்திகள் தேவை: கண், உட்காது, உள்ளங்காலும் மூட்டுகளும் அனுப்பும் உணர்வு. அந்தச் செய்திகளை உரக்கச் சொல்லவைக்கும் முயற்சிகளே பின்னர் வந்த அணியும் கருவிகள். 1970களில் இங்கிலாந்து மருத்துவர்கள் கையில் சிறு எடைகளைக் கட்டி நடுக்கம் அடங்குகிறதா என்று ஆராய்ந்தார்கள், சிலருக்கு அடங்கியது. பின்னர் அமெரிக்காவில், உடம்பு சாயும் திசையைக் கண்டறிந்து, சில நூறு கிராம் எடைகளைச் சட்டையில் தேர்ந்த இடங்களில் வைக்கும் முறை வளர்ந்தது. 2003இல் ஜேம்ஸ் கொலின்சின் குழு, உணர முடியாத அளவு மெல்ல அதிரும் சப்பாத்து உள்ளணையின் மேல் நின்ற முதியவர்களின் தள்ளாட்டம் குறைவதைக் காட்டியது.

பார்க்கின்சன் நோயாளி நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிடுவார். தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் அவற்றைத் தாண்டி அவரால் நடக்க முடிகிறது என்பதைப் பிரித்தானிய நரம்பியலாளர் பர்டன் மார்ட்டின் 1967இல் நூலாக எழுதினார். அதைக் காலோடு கொண்டுபோகும்படி நெதர்லாந்தில் லேசர் சப்பாத்து செய்தார்கள்: ஒரு கால் ஊன்றும்போது மறுகாலுக்கு முன்னே ஒளிக்கோடு விழும். 2017இல் வெளியான ஆய்வில் பங்கெடுத்த 19 பேருக்கு அப்படிக் கால் ஒட்டி நின்றுவிடும் தருணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

ஆலங்குடாவின் நண்பகல் வெயிலில் அந்த ஒளிக்கோடு கண்ணுக்குப் புலப்படுவது கடினம். அதிரும் உள்ளணைக்குச் சப்பாத்து வேண்டும். பழைய கலிப்பரின் சிக்கல் புது உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. இளம்பிள்ளை வாதம் போய்விட்டாலும், இலங்கையில் முதியவர்கள் பெருகுகிறார்கள். பாரிசவாதமும் நடுக்கமும் அவர்களோடு வருகின்றன. 2004இல் ராகமையில் செயற்கை அவயவங்களுக்கும் தாங்கு கருவிகளுக்குமான பயிற்சிப் பள்ளி தொடங்கியதால், அளவெடுக்கவும் வார்க்கவும் தெரிந்த இளைஞர்கள் இன்று நாட்டிலேயே உருவாகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது சீமைப் பட்டறையின் மாதிரி மட்டுமல்ல, ராம் சந்திர சர்மாவின் பாடமும்தான். அளவெடுக்கும்போதே வீட்டு முற்றம் எப்படி, தொழுவது எங்கே, கிணற்றடிக்கு எத்தனை அடி என்று கேட்டு, பொருத்திய கருவியோடு மணலில் நாலு அடி நடக்கவிட்டுப் பார்த்தால், பட்டியை எந்தத் துளையில் மாட்டுவது என்பதை அணிகிறவரே சொல்லிவிடுவார்.